நூறு ஏறிய வண்டி

லின்ஸியின் கார் பாதி வயிற்றோடுதான் நிற்க வேண்டும் என்பது வாழக்குன்றில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். சார்ஜ் நாற்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது, அறுபதுக்கு மேலே ஏறக் கூடாது. நிரப்பி மாதக்கணக்கில் நிறுத்திப்போட்டால் பாட்டரி கெட்டுவிடுமாம். காலியாக விட்டாலும் கெட்டுவிடுமாம். கட்டின புருஷனுக்குக்கூட நான் இப்படிப் பத்தியம் பார்த்துச் சோறு போட்டதில்லை என்று கீழ்வீட்டு ஷேர்லி சொல்லாத வாரம் கிடையாது.

லின்ஸி அயர்லாந்தில் நர்ஸ். ஜனவரியில் ஒரு மாத லீவில் வருவாள். இந்த வருஷம் வந்தபோது வெள்ளை நிறத்தில் அந்தக் கரண்ட் காரை வாங்கி இருபத்தாறு நாள் ஓட்டினாள். பிறகு சாவியைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டாள். மிச்சப் பதினோரு மாதமும் பூட்டிய வீட்டின் போர்ச்சில் கார் சும்மா நிற்கிறது. இருப்பதிலேயே குறைந்த ரகம். அறுபது ஆனதும் தானாக நிறுத்திக்கொள்ளும் புத்தி அதற்குக் கிடையாது. போர்ச் சுவரில் இருக்கும் பதினைந்து ஆம்பியர் பிளக்கில் யாராவது மாட்ட வேண்டும், நேரம் பார்த்து யாராவது பிடுங்கவும் வேண்டும். அந்த யாராவது, ஷேர்லியின் புருஷன் ரெஜி.

ரெஜி வயர்மேன். லின்ஸியின் வீட்டுக்கு முழு வயரிங்கும் செய்தது அவன்தான். வீடு மேட்டின் மேலே, இவர்கள் வீடு மேட்டின் அடியில், நடுவில் ரப்பர் மரங்களுக்கிடையே அறுபது படி. ஒரு காலத்தில் ரெஜிக்கும் லின்ஸிக்கும் இருந்தது ஊரறிந்த சங்கதி. லின்ஸியின் அப்பன் சாக்கோ மாஸ்டர், "போஸ்ட்டுல தொங்குறவனுக்கா என் பொண்ணு?" என்று கேட்டு, அவளை மங்களூருக்கு நர்சிங் படிக்க அனுப்பினார். அங்கிருந்து சவூதி, பிறகு அயர்லாந்து. நடுவில் சங்கனாசேரிக்காரன் ஒருவனோடு கல்யாணமாகி, இரண்டே வருஷத்தில் அது முறிந்தது.

ஷேர்லி கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே இதையெல்லாம் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஊட்டிவிட்டார்கள். அப்போது அவளுக்கு ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவரைக்கும் லின்ஸி வெறும் கதை. வீடு கட்டியதும் அந்தக் கதைக்கு ஜன்னலும் கதவும் வந்தன. கார் வந்ததும் சக்கரமும் வந்துவிட்டது. இப்போது தினமும் சாயங்காலம் நாலரைக்கு வேலை முடிந்து வரும் ரெஜி, கட்டன் சாயாவை நின்றபடியே குடித்துவிட்டு, "வண்டியைப் பாத்துட்டு வரேன்" என்று படியேறிவிடுவான். வர ஒரு மணி நேரமாகும்.

அந்த நேரம்தான் ஷேர்லிக்கு அடுப்பில் வேலை. அவளுடைய தொழில் அச்சப்பம். அரிசியை ஊறவைத்து அரைத்து, தேங்காய்ப் பாலும் முட்டையும் சர்க்கரையும் கறுப்பு எள்ளும் கலந்து, பூப்போல இருக்கும் இரும்பு அச்சைக் கொதிக்கும் தேங்காய் எண்ணெயில் சூடாக்கி, மாவில் தொட்டு, திரும்ப எண்ணெயில் விட்டு உதற வேண்டும். கோழஞ்சேரியிலிருந்து ரான்னி வரைக்கும் பேக்கரிகளில் ஷேர்லி அச்சப்பம் என்று பெயர் சொல்லிக் கேட்பார்கள். வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டுகிறவர்கள் வீட்டுக்கே வந்து வாங்குவார்கள். லின்ஸியும் வாங்குவாள், ஆறு கிலோ. ஒன்றுகூட உடையாதபடி அடுக்கிக் கொடுத்தது ஷேர்லியின் கைதான். அதை நினைத்தால் இப்போது அவளுக்கு வயிறு எரிகிறது.

ஐப்பசியில் துலாம் மாதம் பிறந்தது. மத்தியானம் வரைக்கும் வெயில் பல்லைக் காட்டும். மூன்று மணிக்கு மேல் கிழக்கே மலையில் உறும ஆரம்பிக்கும். முதல் உறுமல் கேட்டதும் வாழக்குன்றில் வீட்டுக்கு வீடு ஓடிப்போய் டிவி, ஃபிரிட்ஜ், மோட்டார் என்று எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுவார்கள். அந்த ஊர் இடி அப்படி. அந்தச் சனிக்கிழமை ரெஜி வீட்டில்தான் இருந்தான். மேலே கார் சார்ஜில் கிடந்தது. கீழே கிரைண்டரில் அரிசி அரைபட்டுக்கொண்டிருந்தது. ஷேர்லியின் கை முழங்கை வரை மாவு. உறுமல் கேட்டதும் ரெஜி எழுந்தான். கிரைண்டரைப் பிடுங்கத்தான் எழுகிறான் என்று ஷேர்லி நினைத்தாள். அவன் ஆணியிலிருந்து லின்ஸியின் சாவியை எடுத்துக்கொண்டு படியில் ஓடினான்.

அவள் கையைக் கழுவித் துடைப்பதற்குள் வீடே வெள்ளையாயிற்று. சுவரில் ஒரு நீலப் பொறி. கிரைண்டர் ஒரு முக்கு முக்கிவிட்டு நின்றது. கருகின நாற்றம் அடுக்களை முழுக்கப் பரவியது. ரெஜி நனைந்து திரும்பி வந்தான்.

"கரெக்ட் நேரத்துக்குக் கழட்டிட்டேன். வண்டி தப்பிச்சுது" என்றான்.

"நல்லது. இங்க கிரைண்டர் போச்சு."

அவன் முகம் மாறியது. குனிந்து மோட்டாரை முகர்ந்து பார்த்தான். "நீ இருக்கியேன்னு நெனச்சேன்டீ."

"ஆமா, நான் இருக்கேன். அங்கதான் பாவம் யாருமே இல்ல."

"அப்படி இல்ல, ஷேர்லி."

"இங்க நானும் கிரைண்டரும் சேர்ந்து கருகியிருந்தா, அந்த வண்டில வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாம். பாதி சார்ஜ் இருக்குமில்ல, போதும்."

ரெஜி இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து மோட்டாருக்குப் புதுச் செம்புக் கம்பி சுற்றினான். சுற்றும்போது இருமினான். "அந்தப் பீடியைக் கொஞ்சம் குறைங்க" என்று ஷேர்லி அடுப்புப் பக்கமிருந்தே சொன்னாள். அவன் தலையாட்டினான். அந்த இரண்டு நாளும் கம்பி சுற்றி முடித்த கையோடு படியேறிப் போகவும் தவறவில்லை.

புதன்கிழமை மீன்காரர் ஷாஜஹான் ஸ்கூட்டரில் வந்து ஹார்ன் அடித்தார். சாளையை எடை போட்டுக்கொண்டே மேட்டைப் பார்த்தார்.

"ரெஜிச்சாயன் மேல பசு ஏதும் கட்டியிருக்காரா சேச்சி? நான் இந்தப் பக்கம் வர்ற நேரமெல்லாம் ஏறிக்கிட்டோ இறங்கிக்கிட்டோ இருக்காரு."

"பசு இல்ல. லின்ஸியோட கார். வாரத்துக்கு ஒரு தடவை கரண்ட் கொடுக்கணும்."

"வாரத்துக்கு ஒரு தடவையா? எதுக்கு? ஓட்டறாரா?"

"எங்க ஓட்டறது? ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா சர்ச் முக்கு வரைக்கும் போய்த் திரும்பறது. டயர் பிடிச்சுக்காம இருக்கணுமாம்."

ஷாஜஹான் தராசைக் கீழே வைத்தார். "என் மச்சான் கிட்ட இதே மாதிரி வண்டிதான் இருக்கு. நோம்புக்கு முன்னால துபாய்க்குப் போனவன் மூணு மாசம் அப்படியே நிறுத்திப்போட்டான். போறப்ப அம்பத்தாறு. வந்து பாத்தா அம்பத்தி ரெண்டு. சும்மா நிக்கிற வண்டி ஒண்ணும் குடிக்காது சேச்சி. அது பட்டினி கிடக்கறதுல சந்நியாசி."

"அப்போ வாராவாரம் எதுக்குக் கொடுக்கறாரு?"

"அதை நீங்கதான் கேக்கணும். நான் மீன் விக்கிறவன்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். போகிறபோது இரண்டு சாளை கூடவே போட்டிருந்தார். அந்தப் பரிதாபமும் ஷேர்லிக்குப் பிடிக்கவில்லை.

அடுக்களைச் சுவரில் சர்ச் காலண்டர் தொங்கியது. எந்தத் தேதிக்கு எந்தக் கடைக்கு எத்தனை கிலோ என்று ஷேர்லி அதில்தான் குறிப்பாள். அதே கட்டங்களின் மூலையில் ரெஜியும் பென்சிலால் எழுதுவான். மார்ச்சிலிருந்து அவள் கண்ணெதிரேதான் இருந்தது, படிக்கத்தான் தோன்றவில்லை. இப்போது ஈரக்கையோடு நின்று ஒவ்வொரு சனிக்கிழமையாகப் படித்தாள். அறுபது. அடுத்த சனி நாற்பத்திரண்டு, பிறகு அறுபது. அடுத்த சனி நாற்பத்து நாலு, பிறகு அறுபது. ஷாஜஹானின் மச்சான் வண்டி மூன்று மாதத்தில் குடித்தது நாலு. இது ஒரு வாரத்தில் பதினெட்டுக் குடித்திருக்கிறது.

அந்தப் பதினெட்டு எங்கே போகிறது? ஷேர்லி சாளைக்குக் குடம்புளி போட மறந்து, கறி இறங்கிய பிறகு போட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், எண்ணெயை அடுப்பிலிருந்து இறக்கிவைத்துவிட்டு, அவன் போய்க் கால் மணி கழித்து அவளும் படியேறினாள். ரப்பர் இலைகள் நனைந்து கிடந்ததால் சத்தம் வரவில்லை. போர்ச்சின் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். காரின் கண்ணாடி நான்கும் ஏற்றியிருந்தது. அடியில் ஏசித் தண்ணீர் சொட்டிக் குட்டையாகத் தேங்கியிருந்தது. உள்ளே முன் சீட்டைப் பின்னால் சாய்த்து ரெஜி படுத்திருந்தான். நெஞ்சின்மேல் ஃபோன். கண்ணை மூடியிருந்தான். உதடு அசைந்துகொண்டிருந்தது. இடையில் ஒரு தடவை சிரித்தான்.

வீட்டில் அவன் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று ஷேர்லி யோசித்தாள். கண்ணாடியைத் தட்டியிருக்கலாம். தட்டினால் அவன் எழுந்து ஏதாவது சொல்லுவான், அதை நம்புவதா வேண்டாமா என்று வாழ்க்கை முழுக்க யோசிக்க வேண்டியிருக்கும். அவள் சத்தமில்லாமல் இறங்கிவந்து அடுப்பை மூட்டினாள்.

அடுத்த நாள் சனிக்கிழமை. கரண்ட் காலையிலிருந்தே இல்லை, லைன் வேலை. அதனால் ரெஜி கட்டத்தில் நாற்பத்தொன்று என்று மட்டும் எழுதி, திங்கள் சாயங்காலம் வந்து மாட்டிக்கொள்ளலாம் என்றான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பக்கத்துப் பெஞ்சில் அவன் பாடியதை அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பாட்டின் நடுவில் மூச்சு வாங்கினான். யாரை நினைத்துக்கொண்டு பாடுகிறானோ என்றுதான் அவள் மனதில் ஓடியது.

திங்கள் காலை ஏழு மணிக்கு அவன் கோழஞ்சேரிக்கு வேலைக்குப் போனதும், ஷேர்லி ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள். மேலே போய், அவன் செய்வதைப் பார்த்திருந்தபடியே காரின் மூடியைத் திறந்து சார்ஜர் குழாயைச் செருகி, சுவர் ஸ்விட்சைத் தட்டினாள். பச்சை விளக்கு மினுங்கியது.

"குடி. உன் எஜமானிக்கும் சேர்த்துக் குடி" என்று சொல்லிவிட்டு இறங்கிவந்தாள்.

அன்று அச்சப்பம் ஒன்றும் சரியாக வரவில்லை. அச்சை மாவில் முக்கால் பாகம்தான் தொட வேண்டும். முழுக்க முங்கினால் மாவு மேலேயும் மூடிக்கொண்டு, எண்ணெயில் எத்தனை உதறினாலும் அப்பம் விடாது. பன்னிரண்டு வயதில் கற்றுக்கொண்டதை அவள் அன்று நாலு முறை மறந்தாள். கத்தியால் சுரண்டி எடுக்கும்போதெல்லாம் மேட்டைப் பார்த்தாள். இத்தனை நேரம் அறுபது தாண்டியிருக்கும். இத்தனை நேரம் எண்பது. கெடட்டும். அந்தக் கார் கெட்டால் அவன் எங்கே போய்ச் சாய்ந்து படுப்பான் என்று பார்ப்போம்.

இரண்டரைக்கே கிழக்கே உறும ஆரம்பித்தது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் பிளக் பிடுங்க ஓடும் சத்தம் கேட்டது. ஷேர்லி கிரைண்டரைப் பிடுங்கிவிட்டு மணையில் உட்கார்ந்தாள். மேலே போகப்போவதில்லை என்று தனக்குத்தானே சொன்னாள். இரண்டாவது இடி சர்ச் பக்கத்தில் விழுந்தது. கார் எரிந்தால் வீடும் எரியும். அந்த வீட்டுச் சுவருக்குள் ஓடுவது ரெஜி இழுத்த வயர். நாளைக்கு ஊர், ரெஜி செய்த வேலையால்தான் எரிந்தது என்று சொல்லும். அந்தப் பேச்சு அவன்மேல் விழுவதை மட்டும் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மழையில் படியேறி ஓடினாள்.

ஸ்விட்சை அணைத்துக் குழாயைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு மூச்சிரைக்க நின்றபோது, இடுப்பில் ஃபோன் அடித்தது. வாட்ஸப் கால். லின்ஸி.

"ஷேர்லியா?"

"ஆமா சேச்சி."

"ரெஜி எங்க?"

"வேலைக்குப் போயிருக்காரு."

"நிஜமாவா? நல்லா இருக்கானா அவன்?"

அவன் என்றாள். பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியும் ஷேர்லிக்கு அவன் இச்சாயன், அவர். கடலுக்கு அப்பால் இருக்கிறவளுக்கு அவன்.

"நல்லாத்தான் இருக்காரு. ஏன் கேக்கறீங்க?"

"ஃபோன் எடுக்கல. நான் நைட் ட்யூட்டி முடிஞ்சு இப்பத்தான் வந்தேன். வண்டி நூறுன்னு ஃபோன்ல காட்டுது. அவன் இருந்தா நூறு ஏறாதே, ஷேர்லி. இத்தனை மாசத்துல ஒரு நாள்கூட அறுபத்தொண்ணு ஆனதில்ல. சார்ஜ் போட்டுட்டு உள்ள உக்காந்தவனுக்கு மூச்சு முட்டி அப்படியே..." லின்ஸியின் குரல் உடைந்தது. "நீ மேல போய் ஒரு தடவை பாத்துட்டு வாயேன்."

"எந்த மூச்சு?" என்று கேட்டாள் ஷேர்லி.

இங்கே மழை மட்டும் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

"உங்கிட்ட அவன் சொல்லலையா?"

"நீங்க சொல்லுங்க."

"எண்ணெய்ப் புகை ஒத்துக்கலை ஷேர்லி. ரெண்டு வருஷமா இழுப்பு. மார்ச்சுல ஃபோன்ல பேசறப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நான்தான் கட்டாயப்படுத்தி டாக்டர்கிட்ட அனுப்பினேன். நீ அடுப்புல நிக்கிற நேரம் கொஞ்சம் ஏசில உக்காந்துக்கோ, வண்டி சும்மாத்தானே நிக்குதுன்னு சொன்னேன். மருந்து வண்டி டாஷ்போர்டுக்குள்ள இருக்கும், போய்ப் பாரு."

ஷேர்லி காரைத் திறந்து பார்த்தாள். நீல நிறத்தில் இழுப்பு மருந்துக் குழல். பக்கத்தில் அவன் கைக்குட்டை. வேறு எதுவும் இல்லை. திரையில் நூறு என்று பெரிதாக எழுதியிருந்தது.

"வெள்ளிக்கிழமை அவர் ஃபோன்ல உங்களோடவா பேசிக்கிட்டிருந்தார்?"

"என்னோட எங்க? மாசத்துக்கு ஒரு தடவை பேசுவோம், அதுவும் வண்டி சங்கதி. அவன் பழைய காமெடிப் படம் போட்டுக் கேப்பான், வசனமெல்லாம் கூடவே சொல்லுவான். படிக்கிற காலத்துலயே அப்படித்தான்." சொல்லிவிட்டு லின்ஸி நிறுத்திக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "தினம் ரெண்டு மூணு குறையும். ட்யூட்டி முடிஞ்சு வந்து அதைத்தான் முதல்ல பாப்பேன். குறைஞ்சிருந்தா ஆள் வந்து உக்காந்துட்டுப் போயிருக்கான், நல்லா இருக்கான்னு அர்த்தம். குறையலைன்னா அன்னைக்கு எனக்குத் தூக்கம் வராது."

ஷேர்லிக்கு உடம்பிலிருந்த மழைத்தண்ணீர் அப்போதுதான் குளிர்ந்தது.

"நான்தான் சேச்சி நூறு போட்டேன்."

"நீயா? எதுக்கு?"

"நிறையட்டும்னு தோணிச்சு" என்று சொல்லி ஃபோனை வைத்தாள்.

அவர்கள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து நின்றதைக் கண்ணால் பார்த்திருந்தால்கூட ஷேர்லி ஊரைக் கூட்டிக் கத்திவிட்டு, அழுது, ஒரு வழியாக ஆறியிருப்பாள். இதற்கு எப்படிக் கத்துவது? ஒரே பாயில் படுத்து, இரவெல்லாம் அந்த இருமலைக் கேட்டு, பீடி என்று திட்டியவள் அவள். ஐயாயிரம் மைல் தள்ளியிருந்து, ஒரு எண் குறைவதைப் பார்த்தே அவன் மூச்சு விடுவதைத் தெரிந்துகொண்டவள் இன்னொருத்தி. பொறாமை என்றால் இதுவரைக்கும் தான் பட்டது எதுவும் பொறாமையே இல்லை என்று ஷேர்லிக்குத் தோன்றியது.

சாயங்காலம் ரெஜி வந்தபோது அடுக்களையில் புகை இல்லை. அடுப்பும் எண்ணெய் உருளியும், பின்னால் ரப்பர் ஷீட் உலர்த்தும் பழைய கொட்டகைக்குப் போயிருந்தன. ஷேர்லி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த நீலக் குழல்.

அவன் அதைப் பார்த்ததும் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தான்.

"லின்ஸி ஃபோன் பண்ணினாளா?"

"பண்ணினா. நீங்க செத்துப்போயிட்டீங்களோன்னு பயந்து பண்ணினா. இருக்கீங்கன்னு சொன்னேன்."

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். "சொல்லக் கூடாதுன்னு இல்லடீ."

"அவகிட்ட மட்டும் எப்படி சொல்லத் தோணிச்சு?"

"நான் சொல்லலை. இருமினேன், அவளா கண்டுபிடிச்சா. நர்ஸ் இல்லியா."

"நானும்தான் கேட்டேன் இருமலை. பீடின்னு நெனச்சேன்."

"பீடியை விட்டு ஒரு வருஷமாச்சு, ஷேர்லி."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். "அதை அவகிட்டயாவது சொன்னீங்களா?"

அவன் தரையைப் பார்த்தான். சொல்லியிருக்கிறான்.

"உன்கிட்ட சொன்னா அன்னைக்கே அடுப்பை அணைச்சிருப்ப. அணைச்சுட்டு மூலைல உக்காந்திருப்ப. இத்தனை ஊர்ல உன் பேரைச் சொல்லி அச்சப்பம் கேக்கறாங்க. என் ஒருத்தன் மூச்சுக்காக அதைக் கெடுக்கணுமான்னு..."

"கொட்டகைக்கு மாத்த எனக்கு ரெண்டு மணி நேரம்தான் ஆச்சு. கேட்டிருந்தா மார்ச்சுலயே மாத்தியிருப்பேன்." குரல் ஏறாமல்தான் சொன்னாள். "நீங்களும் அவளும் சேர்ந்து எனக்கு நல்லது பண்ணியிருக்கீங்க. உங்க ரெண்டு பேருக்கும் பேசிக்க ஒரு ரகசியம் வேணும். அதுக்கு என் அடுப்புப் புகை கிடைச்சுது."

"ரகசியமெல்லாம் இல்ல."

"நான் கண்ணாடிக்கு வெளியில நின்னேன், இச்சாயா. நீங்க உள்ள சிரிச்சீங்க. எதுக்குச் சிரிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியல. அவளுக்குத் தெரியுது."

ரெஜி அவள் கையைப் பிடித்தான். அவள் இழுத்துக்கொள்ளவில்லை, இறுக்கவும் இல்லை. லின்ஸி கடைசியாகச் சொன்னதை, அந்தத் தூக்கம் வராத சங்கதியை, அவள் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் அதை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வான் என்று யாருக்குத் தெரியும்.

கொஞ்சம் கழித்து அவன் மெதுவாகக் கேட்டான். "வண்டி எவ்வளவு இருக்கு?"

"நூறு."

"ஐயோ. நூறுல நிக்கக் கூடாதே. அறுபதுக்கு இறக்கணும்."

"இறக்கணும்னா எவ்வளவு ஓடணும்?"

"நூறு கிலோமீட்டராவது போகணும்."

"நாளைக்குக் காலைல போலாம். நானும் வரேன்."

பத்து மாதத்தில் ஷேர்லி அந்தக் காரில் ஏறினதில்லை. கூப்பிட்டபோதெல்லாம் மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை காலை, ஈஸ்டருக்கு எடுத்த மெரூன் சேலையைக் கட்டிக்கொண்டு, தகர டப்பாவில் அச்சப்பம் அடைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தாள். ரெஜி வேலைக்கு லீவு சொல்லியிருந்தான். சத்தமே இல்லாமல் வண்டி மேட்டிலிருந்து இறங்கியதும், "ஓடுதா இது?" என்று கேட்டாள்.

"ஓடுது."

"ஏசி போடுங்க. நீங்க உக்கார்ற மாதிரியே போடுங்க."

அவன் போட்டான். திருவல்லா தாண்டி எடத்துவாப் பக்கம் வந்ததும் ரோட்டின் இரு பக்கமும் தண்ணீர் நின்ற வயல். தாறா வாத்துக் கூட்டத்தை ஒருவன் தோணியில் ஓட்டிக்கொண்டு போனான். அவள் திரையையே பார்த்து வந்தாள். தொண்ணூற்று மூன்று. தொண்ணூறு. எண்பத்தேழு.

"அந்தப் படத்தைப் போடுங்க" என்றாள்.

"எந்தப் படம்?"

"நீங்க வசனம் சொல்லுவீங்களே, அது."

அவன் கூச்சத்தோடு போட்டான். முதலில் உதட்டுக்குள்ளேயே சொன்னான். தகழி தாண்டுவதற்குள் சத்தமாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டான். அவளுக்குச் சில இடத்தில் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு, இதை லின்ஸி இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னாலேயே சிரித்திருப்பாள் என்று நினைவு வந்தது. அதற்காக அடுத்த இடத்தில் சிரிக்காமல் இருந்துபார்த்தாள், முடியவில்லை.

ஆலப்புழைக் கடற்கரையில் வண்டியை நிறுத்தியபோது திரையில் எழுபத்தொன்பது. பதினொரு மணி வெயில். கடல் பக்கம் கண்ணைத் திறக்க முடியவில்லை. அயர்லாந்தில் இன்னும் விடிந்திருக்காது, லின்ஸி ட்யூட்டியில் இருப்பாள்.

"நாம இங்க இருக்கறது அவ ஃபோன்ல தெரியுமா?" என்று கேட்டாள் ஷேர்லி.

"தெரியும். வண்டி எங்க நிக்குது, எவ்வளவு சார்ஜ் இருக்கு, ரெண்டும் காட்டும்."

"உள்ள யார் இருக்காங்கன்னு?"

"அது காட்டாது."

ஷேர்லி டப்பாவைத் திறந்து ஒரு அச்சப்பத்தை எடுத்தாள். உடைக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ எழுதுங்க. நானும் ஷேர்லியும் ஆலப்புழை வந்திருக்கோம்னு."

அவன் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு ஒற்றை விரலால் எழுதினான். அனுப்பினான். இரண்டு டிக்கும் உடனே நீலமாயின. இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே, எழுதிக்கொண்டிருக்கிறார் என்று வந்தது. போயிற்று. திரும்ப வந்தது. திரும்பப் போயிற்று. பிறகு ஒன்றும் வரவில்லை.

ரெஜி ஃபோனைப் பையில் போட்டான். ஷேர்லி அச்சப்பத்தை இரண்டாக உடைத்து அவன் பங்கைக் கொடுத்தாள்.

"பரவாயில்ல. இன்னைக்கு நல்லாவே குறைஞ்சிருக்கு, தூங்குவா" என்றாள்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல. சாப்பிட்டுட்டு வண்டியை எடுங்க. இன்னும் பத்தொம்பது இறங்கணும்."